பின்னால் வந்ததற்கு முன்னால் வந்ததுதான் காரணமா?

 

ஹிஜ்ரி 10-ஆம் ஆண்டு. மதீனாவில் நபி (ஸல்) அவர்களின் அருமை மகன் இப்ராஹீம் (ரலி) மழலைப் பருவத்திலேயே வஃபாத்தானார்கள். அதே நாளில் சூரிய கிரகணமும் ஏற்பட்டது. வானவியலார் பின்னோக்கிக் கணக்கிட்டு அந்த நாளைக் கி.பி. 632 ஜனவரி 27 என்று சொல்கிறார்கள். பட்டப்பகலில் வெளிச்சம் மங்கியதைக் கண்ட மக்கள், இப்ராஹீமின் மரணத்தால்தான் சூரியன் இருண்டது என்று பேசிக்கொண்டார்கள்.

பெற்ற மகனை அடக்கம் செய்யும் நாள் அது. மக்கள் பேசியதும் கெட்ட எண்ணத்தோடு அல்ல, அன்பினால் பேசினார்கள். அந்தப் பேச்சு நபியவர்களின் குடும்பத்துக்குப் பெருமை சேர்ப்பதாகவும் இருந்தது. பேசாமல் விட்டிருந்தால் யாரும் குறை சொல்லப்போவதில்லை. ஆனால் நபி (ஸல்) அவர்கள் விட்டுவிடவில்லை. கிரகணத் தொழுகையை நடத்தி முடித்து, சூரியனும் சந்திரனும் அல்லாஹ்வின் அத்தாட்சிகளில் இரண்டு, எவருடைய இறப்புக்காகவும் பிறப்புக்காகவும் அவற்றுக்குக் கிரகணம் பிடிப்பதில்லை என்று எடுத்துச் சொன்னார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் இச்செய்தி பதிவாகியிருக்கிறது.

இரண்டு நிகழ்ச்சிகள் ஒன்றையொன்று ஒட்டி நடந்தாலே ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் ஆகிவிடாது. அதிலும் நமக்குப் பெருமை தருகிற காரணமாக இருந்தால் நாம் இருமடங்கு எச்சரிக்கையாக இருக்க வேண்டும். இதைத்தான் அந்நிகழ்ச்சி நமக்குக் கற்றுத் தருகிறது.

இந்த மாதம் இப்பாடத்தை எடுத்துக்கொண்டதற்கு நாங்கள் செய்த ஒரு தவறே காரணம். நமது டிரஸ்ட் நடத்தும் மாலை வகுப்புக்கு வந்த மாணவர்களின் மதிப்பெண் உயர்ந்துவிட்டது, வகுப்புதான் அதற்குக் காரணம் என்று சென்ற ஆண்டு இதே மடலில் மகிழ்ச்சியோடு எழுதியிருந்தோம். அடுத்த ஜும்ஆ முடிந்ததும் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர் எங்களை நிறுத்தினார். “வகுப்புக்கு வராத பிள்ளைகளின் மார்க் என்ன ஆச்சு பாய்?” என்று கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. அந்தக் கணக்கை நாங்கள் எடுக்கவே இல்லை.

நான்கு கட்டங்கள்

அவர் கேட்ட கேள்வி வகுப்போடு நிற்பதில்லை. ஸஃபர் மாதத்தில் நிகாஹ் வைத்தால் நிலைக்காது என்ற பேச்சு நம் பகுதியில் இன்னும் இருக்கிறது. ஒடுக்கத்துப் புதனன்று முசீபத் இறங்குகிறது என்று பயப்படுபவர்களும் இருக்கிறார்கள். ஸஃபர் மாதத்தில் பீடை இல்லை என்று நபி (ஸல்) அவர்களே தெளிவாக்கியிருக்கிறார்கள். அப்படியிருந்தும், “எங்க மச்சி மகளுக்கு ஸஃபர்லதான் முடிச்சாங்க, ரெண்டு வருஷத்துல தலாக் ஆயிடுச்சு. தேதியை மாத்திக் கொடுங்க” என்று கேட்டு நம் அலுவலகத்துக்கு ஒரு குடும்பம் வந்தது.

அவர்கள் சொன்னது பொய்யில்லை. அந்த நிகாஹ் ஸஃபரில் நடந்ததும் உண்மை, முறிந்ததும் உண்மை. ஆனால் ஒரு காகிதத்தில் நான்கு கட்டம் போட்டுப் பாருங்கள். முதல் கட்டத்தில் ஸஃபரில் முடித்து முறிந்தவை. இரண்டாவதில் ஸஃபரில் முடித்து நன்றாக வாழ்பவை. மூன்றாவதில் மற்ற மாதங்களில் முடித்து முறிந்தவை. நான்காவதில் மற்ற மாதங்களில் முடித்து நன்றாக வாழ்பவை. ஸஃபரில் முறிவது மற்ற மாதங்களைவிட அதிகமா என்று சொல்ல இந்த நான்கு எண்களும் வேண்டும். நம் மனமோ முதல் கட்டத்தை மட்டும் பார்த்துத் தீர்ப்பு எழுதிவிடுகிறது. நன்றாக வாழ்பவர்களைப் பற்றி யாரும் திண்ணையில் உட்கார்ந்து பேசுவதில்லை. மற்ற மாதங்களில் நடந்த நிகாஹ் முறிந்தால் அது எந்த மாதம் என்று யாரும் கேட்பதில்லை.

படிக்காதவர்கள்தான் இப்படித் தடுமாறுவார்கள் என்று எண்ண வேண்டாம். 1963-இல் நார்வே நாட்டு உளவியல் அறிஞர் யான் ஸ்மெட்ஸ்லுண்ட் ஒரு சோதனையை வெளியிட்டார். செவிலியர்களிடம் 100 அட்டைகளைக் கொடுத்தார். ஒவ்வொரு அட்டையும் ஒரு நோயாளி. குறிப்பிட்ட அறிகுறி அவரிடம் இருந்ததா, குறிப்பிட்ட நோய் இருந்ததா என்ற இரண்டு விவரங்கள் அதில் இருந்தன. அறிகுறியும் நோயும் இருந்தவர் 37. அறிகுறி இருந்து நோய் இல்லாதவர் 33. அறிகுறி இல்லாமல் நோய் இருந்தவர் 17. இரண்டும் இல்லாதவர் 13.

கணக்கிட்டுப் பாருங்கள். அறிகுறி இருந்த 70 பேரில் 37 பேருக்கு நோய். அதாவது நூற்றுக்கு 53. அறிகுறி இல்லாத 30 பேரில் 17 பேருக்கு நோய். அதாவது நூற்றுக்கு 57. அந்த அறிகுறியைப் பார்த்து நோய் இருப்பதாகச் சொல்ல வழியே இல்லை. ஆனாலும் செவிலியர்களில் பெரும்பாலோர் இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்றே சொன்னார்கள். ‘37 பேருக்கு இரண்டும் இருக்கிறதே’ என்பது அவர்களின் வாதம். மிகப் பெரிய கட்டம் கண்ணை மறைத்துவிட்டது.

தடுப்பூசியும் தாயின் கவலையும்

தேதி மாற்றக் கேட்டு வந்த குடும்பத்துக்கு இதனால் பெரிய நஷ்டம் இல்லை. மண்டப முன்பணம் போகலாம். ஆனால் இதே தவறு பிள்ளைகளின் உயிரோடு விளையாடுவதும் உண்டு.

1998-இல் லண்டனிலிருந்து வெளிவரும் ‘தி லான்செட்’ மருத்துவ இதழில், 12 குழந்தைகளைப் பற்றி ஆண்ட்ரூ வேக்ஃபீல்டும் உடன் ஆய்வாளர்களும் எழுதிய கட்டுரை வந்தது. தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா மூன்றுக்குமான தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு இருக்கலாம் என்ற பீதி அதிலிருந்து கிளம்பியது. அங்கே ஏராளமான பெற்றோர் ஊசி போடுவதை நிறுத்தினார்கள். தட்டம்மை திரும்பி வந்தது. கட்டுரையில் இருந்த முறைகேடுகள் பின்னர் வெளியாகி, 2010-இல் இதழ் அதைத் திரும்பப் பெற்றது. அதே ஆண்டு அவருடைய மருத்துவப் பதிவும் நீக்கப்பட்டது.

இவ்வளவு பேர் அதை நம்பியது ஏன்? வயதைக் கவனியுங்கள். அங்கே இந்த ஊசியின் முதல் தவணை ஒரு வயது நிறைந்ததும் போடப்படுகிறது. ஆட்டிசத்தின் அறிகுறிகளைப் பெற்றோர் பெரும்பாலும் கவனிப்பது இரண்டாம் வயதில்தான்: பேச்சு வரவில்லை, கூப்பிட்டால் திரும்பவில்லை, முகம் பார்க்கவில்லை. ஆகவே ஊசியே காரணமாக இல்லாவிட்டாலும், ஆயிரக்கணக்கான வீடுகளில் முதலில் ஊசியும் பிறகு அறிகுறியும் என்ற வரிசையிலேயே இரண்டும் வந்து சேரும்.

டென்மார்க்கில் நான்கு கட்டங்களையும் நிரப்பிப் பார்த்தார்கள். 1991 முதல் 1998 வரை அந்நாட்டில் பிறந்த 5,37,303 குழந்தைகளின் பதிவேடுகளை எடுத்தார்கள். அவர்களில் 4,40,655 பேர் ஊசி போட்டவர்கள், மற்றவர்கள் போடாதவர்கள். ஊசி போட்டவர்களுக்கு ஆட்டிசம் அதிகமாக இல்லை. 2002-இல் அந்த முடிவு வெளியானது.

இது வெளிநாட்டுக் கதை என்று ஒதுக்கிவிட முடியாது. 2017 பிப்ரவரியில் நம் மாநிலத்தில் 9 மாதம் முதல் 15 வயது வரையிலான பிள்ளைகளுக்குத் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி முகாம் நடந்தபோது வாட்ஸ்அப்பில் என்னென்ன சுற்றியது என்பதை நாம் மறக்கவில்லை. பயந்துபோய்ப் பிள்ளைகளைப் பள்ளிக்கே அனுப்பாமல் வைத்துக்கொண்ட வீடுகள் நம் மஹல்லாவிலும் இருந்தன. முகாமின் கடைசித் தேதியை அரசு நீட்டிக்க வேண்டி வந்தது.

ஊசி போட்ட பிறகுதான் பிள்ளை மாறிவிட்டது என்று சொல்லும் தாயை நாம் ஏளனம் செய்யக் கூடாது. அவர் கண்ணால் கண்டதைத்தான் சொல்கிறார். தன் பிள்ளைக்கு ஏன் இப்படி ஆனது என்று காரணம் தேடாத தாய் உண்டா? அவர் கண்ட வரிசை சரி. அந்த வரிசையிலிருந்து அவர் எடுத்த முடிவுதான் தவறு. கனிவாக உட்கார வைத்து, அருகிலுள்ள குழந்தை மருத்துவரிடம் அழைத்துச் செல்வதே நம் கடமை. செய்தி வந்தால் விசாரித்துத் தெளிவு பெறுமாறு சூரா ஹுஜுராத்தின் 6-ஆம் வசனம் நமக்குக் கட்டளையிடுகிறது. ஃபார்வர்டு செய்வதற்கு முன்பும் அந்தக் கட்டளை பொருந்தும்.

எங்கள் கணக்கில் இருந்த ஓட்டை

இப்போது மாலை வகுப்புக்கு வருவோம். எங்கள் கணக்கில் இரண்டு ஓட்டைகள் இருந்தன.

ஒன்று, யார் வகுப்புக்கு வந்தார்கள் என்பது. அஸருக்குப் பிறகு பிள்ளையைத் தவறாமல் அனுப்பிவைக்கும் வீட்டில் படிப்பின் மீது ஏற்கெனவே அக்கறை இருக்கிறது. அந்த வாப்பா வீட்டிலும் ‘என்ன படிச்சே’ என்று கேட்பார். அந்த உம்மா பரீட்சை நேரத்தில் டிவியை நிறுத்திவைப்பார். மார்க் கூடியது எங்கள் வகுப்பாலா, அந்த வீட்டின் அக்கறையாலா? பிள்ளையை வகுப்புக்கு அனுப்பியதும், மார்க்கைக் கூட்டியதும் அந்த ஒரே அக்கறையாக இருக்கலாம். இரண்டுக்கும் பின்னால் மூன்றாவதாக ஒன்று மறைந்திருந்தால், முன்னால் தெரியும் இரண்டையும் காரணம், விளைவு என்று எண்ணிவிடுவோம்.

இரண்டாவது ஓட்டை இன்னும் நுட்பமானது. காலாண்டுத் தேர்வில் மிகக் குறைவாக எடுத்தவர்களைத்தான் நாங்கள் வகுப்புக்குத் தேர்ந்தெடுத்தோம். ஒரு தேர்வில் மிகக் குறைவாக எடுத்தவர்களில், அன்று காய்ச்சலோடு எழுதியவரும், படிக்காத பாடம் வந்து மாட்டிக்கொண்டவரும் இருப்பார்கள். அடுத்த தேர்வில் அந்தத் துரதிர்ஷ்டம் அப்படியே திரும்பி வருவதில்லை. ஆகவே யாரும் எதுவும் செய்யாவிட்டாலும் அந்தக் கூட்டத்தின் சராசரி சற்று மேலே வரும். 1886-இல் பிரிட்டிஷ் அறிஞர் பிரான்சிஸ் கால்டன் பெற்றோர், பிள்ளைகளின் உயரத்தை அளந்து இதைக் காட்டினார். மிக உயரமான பெற்றோரின் பிள்ளைகள் சராசரியாக அவர்களைவிடச் சற்றுக் குட்டையாகவும், மிகக் குட்டையானவர்களின் பிள்ளைகள் சற்று உயரமாகவும் இருந்தார்கள்.

நம் மக்தப் உஸ்தாதுமார்களும் இதை யோசிக்க வேண்டும். ஒரு பிள்ளை வழக்கத்தைவிட மோசமாக ஓதிய நாளில் அடிக்கிறோம். மறுநாள் கொஞ்சம் நன்றாக ஓதுகிறது. வழக்கத்தைவிட அருமையாக ஓதிய நாளில் பாராட்டுகிறோம். மறுநாள் கொஞ்சம் குறைகிறது. அடியில்தான் பலன், பாராட்டினால் கெட்டுப்போகும் என்ற முடிவுக்கு வந்துவிடுகிறோம். உண்மையில் அந்தப் பிள்ளை இரண்டு முறையும் தன் வழக்கமான நிலைக்குத் திரும்பியிருக்கிறது, அவ்வளவுதான். தவறான கணக்கு ஒரு பிள்ளையின் முதுகில் அடியாக விழுகிறது.

சேத்துப்பட்டில் கிடைத்த விடை

அப்படியானால் காரணத்தை எப்படித்தான் கண்டறிவது? ஒப்பிடுவதற்கு இன்னொரு கூட்டம் வேண்டும் என்பது நம் முன்னோருக்குப் புதிதல்ல. கி.பி. 925 வாக்கில் மறைந்த பெரும் மருத்துவர் அர்ராஸீ, மூளைக் காய்ச்சலின் அறிகுறி கண்டவர்களில் ஒரு கூட்டத்துக்கு இரத்தம் எடுத்தும், இன்னொரு கூட்டத்துக்கு வேண்டுமென்றே எடுக்காமல் விட்டும் ஒப்பிட்டுப் பார்த்ததாகத் தம் குறிப்புகளில் எழுதியிருக்கிறார்.

ஆனால் எவரை எந்தக் கூட்டத்தில் சேர்ப்பது என்பதை நாமே முடிவு செய்தால், தேறக்கூடியவர்களை நம்மை அறியாமலே ஒரு பக்கம் சேர்த்துவிடுவோம். இதற்குக் கண்ட வழி சீட்டுக் குலுக்கல். இதன் அருமையை உலகுக்குக் காட்டிய ஆய்வுகளில் ஒன்று நம் சென்னையில் நடந்தது.

அக்காலத்தில் காசநோயாளிகளைச் சானடோரியத்தில் மாதக்கணக்கில் வைத்திருப்பார்கள். ஓய்வும் நல்ல காற்றும் சத்துணவும்தான் குணமாக்குகின்றன என்பது பரவலான எண்ணம். அங்கே இருந்தவர்கள் குணமானதைப் பார்த்து வந்த முடிவு அது. ஏழைகளுக்கோ படுக்கை கிடைக்காது. 1956-இல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. சேத்துப்பட்டில் இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருப்பது அதுவே. அங்கே ஏழை நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு கூட்டமாகப் பிரித்தார்கள். ஒரு கூட்டம் சானடோரியத்தில். இன்னொரு கூட்டம் நெருக்கடியான தங்கள் வீடுகளிலேயே. இரு கூட்டத்துக்கும் ஓராண்டு ஒரே மருந்துகள்.

வீட்டில் இருந்தவர்கள் குறைவாகத்தான் சாப்பிட்டார்கள், ஓய்வும் குறைவு. ஆனாலும் சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு ஏறக்குறைய நிகராகவே அவர்களும் குணமானார்கள். 1959-இல் முடிவு வெளியானது. வீட்டில் சிகிச்சை பெற்றதால் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகத் தொற்றவில்லை என்பதும் தொடர்ந்து கவனித்ததில் தெரியவந்தது. குணமாக்கியது மருந்து. பின்னர் உலகெங்கும் காசநோய்க்கு வீட்டிலிருந்தே சிகிச்சை என்ற நிலை வந்ததில் இந்த ஆய்வுக்குப் பெரும் பங்கு உண்டு. எத்தனை ஏழைக் குடும்பங்கள் பிரியாமல் ஒன்றாக இருந்திருக்கும்!

சந்தேகத்துக்கும் எல்லை உண்டு

இதைப் படித்துவிட்டு, எதற்கும் எதுவும் காரணமில்லை என்று சொல்லிவிடவும் கூடாது. 1950-இல் ரிச்சர்ட் டால், பிராட்ஃபோர்ட் ஹில் என்ற இரு பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் புகைப்பழக்கத்துக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பைக் காட்டினார்கள். சிகரெட் நிறுவனங்கள், இரண்டும் சேர்ந்து காணப்படுவதாலேயே காரணம் ஆகிவிடாது என்று நாம் மேலே சொன்ன அதே வாதத்தை எடுத்துக்கொண்டன. ஒருவரைச் சீட்டுக் குலுக்கிப் புகைக்க வைக்கவும் முடியாதே!

அதனால் அவ்வறிஞர்கள் வேறு வழிகளில் துருவினார்கள். 1951 முதல் சுமார் 40,000 மருத்துவர்களைப் பல்லாண்டுகள் பின்தொடர்ந்தார்கள். அதிகம் புகைத்தவர்களுக்கு ஆபத்து அதிகம். குறைவாகப் புகைத்தவர்களுக்குக் குறைவு. விட்டுவிட்டவர்களுக்கு ஆபத்து இறங்கியது. மற்ற நாடுகளிலும் இதே நிலை. இத்தனை பக்கத்திலிருந்தும் சாட்சி ஒன்றாக நின்ற பிறகு சந்தேகப்படுவது ஆராய்ச்சி அல்ல, பிடிவாதம். “எங்க தாத்தா தொண்ணூறு வயசு வரைக்கும் பீடி குடிச்சாரே” என்பதும் ஒரே ஒரு கட்டத்தைப் பார்த்துச் சொல்லும் பேச்சுதான்.

இனி நாங்கள் செய்யப்போவது

இனி ஒரு காரணம் காதில் விழும்போது நான்கு கேள்விகளைக் கேட்டுப் பழகுவோம். அது நடக்காதவர்களுக்கு என்ன ஆனது? இரண்டுக்கும் பின்னால் மூன்றாவது காரணம் உண்டா? ஒன்றும் செய்யாமலே இது நடந்திருக்குமா? இந்த முடிவை நாம் நம்ப விரும்புவதால்தான் நம்புகிறோமா?

நான்காவது கேள்வி முதலில் எங்களுக்கு. சென்ற ஆண்டு நாங்கள் எழுதிய பெருமைப் பேச்சை இதன் மூலம் திரும்பப் பெறுகிறோம். வகுப்பு பயன் தரவில்லை என்று சொல்லவில்லை. பயன் தந்தது என்று சொல்ல எங்களிடம் ஆதாரம் இல்லை. நீங்கள் தரும் சதக்கா நிதி எங்கள் கையில் அமானிதம். அது எதைச் செய்கிறது என்று அறியாமல் செலவழிப்பது அமானிதத்துக்கு அழகல்ல.

இந்த ஆண்டு மாலை வகுப்புக்கு இருக்கும் இடத்தைவிட விண்ணப்பங்கள் ஏறக்குறைய இரண்டு மடங்கு வந்துள்ளன. சிபாரிசு எதுவும் பார்க்காமல், பெற்றோர் முன்னிலையில் சீட்டுக் குலுக்கி எடுக்க நிர்வாகக் குழு முடிவு செய்திருக்கிறது. பயணம் புறப்படும்போது எந்த மனைவியை உடன் அழைத்துச் செல்வது என்பதை நபி (ஸல்) அவர்கள் சீட்டுக் குலுக்கியே முடிவு செய்வார்கள். நியாயத்துக்கு அது வழி. உண்மையை அறியவும் அதுவே வழியாகிறது. இடம் கிடைக்காத பிள்ளைகளுக்கு நோட்டும் வழிகாட்டி நூல்களும் தருவோம். அடுத்த ஆண்டு அவர்களுக்கே முதலிடம். அரையாண்டிலும் முழுஆண்டிலும் இரு கூட்டத்தின் மதிப்பெண்களையும் ஒப்பிடுவோம். எண்ணிக்கை சிறியது என்பதால் ஓராண்டுக் கணக்கில் தற்செயலும் கலந்திருக்கும். ஆகவே அடுத்த ஆண்டும் தொடர்ந்து பார்ப்போம்.

முடிவு எங்களுக்குப் பெருமை சேர்த்தாலும், சேர்க்காவிட்டாலும், இன்ஷா அல்லாஹ் அது இதே மடலில் வரும். பயனில்லை என்று தெரிந்தால் அந்தப் பணத்தை வேறு எதற்குச் செலவிடலாம் என்று உங்களிடமே கேட்போம்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. எந்தக் கயிற்றால் கட்டினால் ஒட்டகம் நிற்கும் என்று அறிந்துகொள்வதும் அதில் சேர்ந்ததே. அல்லாஹ் நமக்குப் பயனுள்ள கல்வியை அதிகப்படுத்துவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.
செயலாளர்